உங்கள் ஃபைபர் ரிங் நிஜமாகவே ரிங்தானா? மென்பொருளில் வரைந்து பார்க்கும் முறை

திண்டுக்கல், வேடசந்தூர், வடமதுரை, திரும்பவும் திண்டுக்கல். எங்கள் ரிங், அதாவது கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் ஃபைபர் கேபிள் பாதை, இதுதான். சுமார் 60 கிலோமீட்டர், ஐந்து நோடு (ஸ்விட்ச் வைத்திருக்கும் இடம்). ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் அது அழகான வட்டமாக இருந்தது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக டிராஃபிக் போய்விடும் என்று வாடிக்கையாளர்களிடம் நாங்களே சொல்லி வந்தோம். ஒரு நாள் காலையில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டு பக்கத்தையும் அறுத்துவிட்டது. ஊரைத் தாண்டும் முன் ஒரு 400 மீட்டருக்கு இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தன. கேபிள் போட்டவருக்கு அது தெரியும். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் மொத்த ரிங்கையும் மென்பொருளில் ஏற்ற உட்கார்ந்தோம். பாதி வேலையை இரண்டு முறை செய்தோம். நீங்கள் ஒரு முறையிலேயே முடித்துவிடலாம். சிறு இணையச் சேவை நிறுவனத்திலோ, கேபிள் ஆபரேட்டரிடமோ புதிதாகச் சேர்ந்து "நம்ம ரிங்கை வரைந்து கொடு" என்று வேலை வாங்கியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும்

முதல் படம், கேபிள் தரையில் எந்த வழியாகப் போகிறது என்பது. எந்தச் சாலையோரம், எந்த இபி போஸ்ட், எந்தச் சிறுபாலம் என்று அதில் இருக்கும். இரண்டாவது, எந்த ஸ்விட்ச் எந்த ஸ்விட்சோடு பேசுகிறது என்பது. வட்டமாக வரைவது இந்த இரண்டாவதைத்தான். ரிங் பாதுகாப்பானதா என்பதை முதல் படம்தான் சொல்லும். நாங்கள் வைத்திருந்தது இரண்டாவது மட்டும்.

முதல் படத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ரோட்டில் குறிப்பெடுக்க அதன் துணைச் செயலியான கியூஃபீல்டை மொபைலில் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். இரண்டாவது படத்துக்கு நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள்களான ஜாபிக்ஸ் அல்லது லிப்ரிஎன்எம்எஸ். கூகுள் எர்த்தில் கோடு போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்த கேஎம்எல் கோப்பை அப்படியே கியூஜிஐஎஸ்ஸில் திறக்கலாம், வீணாகாது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கோர் (கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைபர் இழை) கணக்கையும் ஜாயின்ட் (கேபிள்களை ஒட்டிய இடம்) கணக்கையும் கூகுள் எர்த்தில் ஒழுங்காக வைக்க முடியாது.

ஃபைபர் நிர்வாகத்துக்கென்றே கட்டண மென்பொருள்களும் உண்டு. நல்லவைதான். ஆனால் முதல் நாளே வாங்காதீர்கள். எங்களிடம் டெமோ காட்டிய ஒரு விற்பனையாளர், நம் டேட்டாவை ஏற்றித் தருவதற்குத் தனிக் கட்டணம் என்பதைக் கடைசிக் கூட்டத்தில்தான் சொன்னார். உங்களிடம் சுத்தமான டேட்டா இருந்தால் பிறகு எந்த மென்பொருளுக்கும் மாறிக்கொள்ளலாம். அது இல்லாமல் எதை வாங்கியும் பயன் இல்லை.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

கணினியைத் திறக்கும் முன் இவற்றைத் தேடி ஒரு ஃபோல்டரில் வையுங்கள்:

- கேபிள் போட்ட கான்ட்ராக்டர் கொடுத்த படமும் பில்லும். பில்லில் இருக்கும் மீட்டர் கணக்கு பல நேரம் படத்தைவிட நம்பகமானது.
- அனுமதிக் கடிதங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, நகராட்சி, ஊராட்சி, ரயில்வே என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொருவர். எங்கள் ரிங்கில் கரூர் போகும் 44ஆம் எண் சாலையோரம் ஒரு கடிதம், திருச்சி போகும் 83ஆம் எண் சாலையோரம் இன்னொன்று, ஊருக்குள் வேறொன்று.
- மின்கம்பத்தில் கட்டியிருந்தால் அதற்கான அனுமதியும் வாடகை ரசீதும்.
- பழைய ஓடிடிஆர் (ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி, எவ்வளவு தூரத்தில் ஜாயின்ட், எங்கே அறுந்தது என்று காட்டும் கருவி) டிரேஸ் கோப்புகள். பிரின்ட் மட்டும் இருந்தால் அதையும் விடாதீர்கள்.
- ஸ்விட்ச் கான்ஃபிக் பேக்கப், எந்த போர்ட்டில் எந்த எஸ்எஃப்பி (ஸ்விட்சில் செருகும் ஒளி மாட்யூல்) என்ற பட்டியல், ஓடிஎஃப் (ஃபைபர் கேபிள் வந்து முடியும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளின் போட்டோ.
- ஸ்ப்ளைஸ் போடும், அதாவது கோர்களை ஒட்டும் டெக்னீஷியனின் நோட்டு. பணிவாகக் கேட்டால் கொடுப்பார். அலுவலகக் கோப்பில் இல்லாதது அதில் இருக்கும்.

அனுமதிக் கடிதத்தின் எண், தேதி, அதில் சொல்லியிருக்கும் நீளம், காலாவதி ஆகும் நாள் நான்கையும் ஒரு அட்டவணையாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தின் பாதைத் துண்டோடு இதை இணைக்கப் போகிறோம். எங்களுக்கு ஒரு துண்டில் கடிதத்தில் இருந்த நீளத்தைவிட கேபிள் 700 மீட்டர் அதிகம் போயிருந்தது. அதிகாரி கேட்டு நிற்பதற்கு முன் நாமே கண்டுபிடிப்பது நல்லதில்லையா?

3. கோப்பை அமைக்கும்போதே நீளக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

கியூஜிஐஎஸ்ஸில் ஒரே ஜியோபேக்கேஜ் கோப்பு உருவாக்கி, அதற்குள் ஐந்து லேயர் வையுங்கள்: நோடு, ஜாயின்ட், லூப் (உபரியாகச் சுருட்டி வைத்த கேபிள்), பாதை, கேபிள். பழைய ஷேப்ஃபைல் வடிவம் வேண்டாம். அதில் அட்டவணைத் தலைப்பின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்.

பாதையும் கேபிளும் ஏன் தனித்தனி என்று கேட்பீர்கள். பாதை என்பது பள்ளம் அல்லது கம்ப வரிசை. ஒரே பாதையில் மூன்று கேபிள் போகலாம். பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். கேபிள் எந்தெந்தத் துண்டு வழியாகப் போகிறது என்று அதன் அட்டவணையில் எழுதுங்கள். நாங்கள் முதல் முறை கேபிளை மட்டும் வரைந்தோம். ஒன்றின் மேல் ஒன்று படிந்த கோடுகள் திரையில் ஒரே கோடாகத் தெரிந்தன. ஜேசிபி காட்டிக்கொடுத்த அதே விஷயத்தைப் படத்தில் நாங்களே மறுபடி மறைத்துவிட்டோம்.

இனி நீளம். மொபைலும் கூகுள் எர்த்தும் தருவது அட்சரேகை, தீர்க்கரேகை. அதில் அளந்தால் விடை பாகையில் வரும், மீட்டரில் வராது. அதனால் லேயர்களை, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் வையுங்கள். தமிழ்நாட்டில் இதில் ஒரு பொறி இருக்கிறது. 78 பாகை கிழக்கு தீர்க்கரேகைதான் 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லை. கோயம்புத்தூர் 43இல், மதுரையும் சேலமும் 44இல். திண்டுக்கல் நகரம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே, வடமதுரை கிழக்கே. அதாவது எங்கள் ரிங்கே எல்லையைத் தாண்டுகிறது. ஒருவர் பாதி வேலையை 43இலும் இன்னொருவர் மீதியை 44இலும் வைத்து, மென்பொருளுக்கு மண்டலத்தைத் தவறாகச் சொன்னதில் வடமதுரை நோடு படத்தில் எங்கோ போய் உட்கார்ந்தது.

தீர்வு எளிது. முழு ரிங்குக்கும் ஒரே மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டிச் சில பத்து கிலோமீட்டர் பக்கத்து மண்டலத்துக்குள் நீண்டாலும் நம் வேலைக்குப் பாதகமில்லை. 43 வடக்கு என்றால் இபிஎஸ்ஜி எண் (மென்பொருளில் மண்டலத்தைக் குறிக்கும் எண்) 32643, 44 வடக்கு என்றால் 32644. எதை எடுத்தீர்கள் என்று புராஜெக்ட் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

4. ரோட்டில் இறங்குங்கள்

இந்த வேலைக்குக் குறுக்கு வழி இல்லை. கேபிள் போட்டவர்களில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு, பைக்கில் மெதுவாக, முடிந்த இடத்தில் நடந்தே போங்கள். நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டருக்கு மேல் எங்களால் முடியவில்லை. மார்கழி, தை மாதங்கள் வசதி. வெயிலும் குறைவு, மழையும் ஓய்ந்திருக்கும். பள்ளத்து மேல் வைத்த குறிக்கல்லைக் கண்டுபிடிக்க ஒரு அரிவாள் எடுத்துக்கொள்ளுங்கள், சீமைக்கருவேலம் மூடியிருக்கும்.

மொபைல் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் தரும். புளியமரத்தடியிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் தள்ளிப்போகும். ஒவ்வொரு புள்ளியிலும் அரை நிமிடம் நின்று, துல்லிய எண் குறைந்த பிறகு சேமியுங்கள்.

ஒவ்வொரு ஜாயின்டிலும், லூப்பிலும், சாலை கடக்கும் இடத்திலும் எடுக்க வேண்டியவை: புள்ளி, போட்டோ, எண், அப்புறம் மிக முக்கியமாகக் கேபிள் உறையின் மேல் அச்சடித்திருக்கும் மீட்டர் எண். கேபிளின் வெளி உறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் வரிசை எண் இருக்கும். ஒரு ஜாயின்டில் கேபிள் கிளம்பும் இடத்தில் 1,214 என்றும், அடுத்த ஜாயின்டில் நுழையும் இடத்தில் 3,198 என்றும் இருந்தால் இடையில் கேபிள் 1,984 மீட்டர். படத்தில் கோடு 1,900 மீட்டர் காட்டினால் மீதி 84 மீட்டர் லூப்பிலும் தொய்விலும் இருக்கிறது. லூப் தொடங்கும் எண்ணையும் முடியும் எண்ணையும் எடுத்துவிட்டால் அந்த 84 எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் இந்தக் கணக்கை நாங்கள் முதல் சுற்றில் எடுக்காமல் விட்டோம். அதற்காகவே எல்லா ஜாயின்டுக்கும் மறுபடி போனோம். நீங்கள் விடாதீர்கள்.

5. கோர் கணக்கு

ஒவ்வொரு ஜாயின்டுக்கும் ஒரு சிறு அட்டவணை: உள்ளே வரும் கேபிள், டியூப் (கேபிளுக்குள் சில கோர்களைச் சேர்த்து வைத்திருக்கும் சிறு குழாய்) நிறம், கோர் நிறம்; வெளியே போகும் கேபிள், டியூப் நிறம், கோர் நிறம்; ஸ்ப்ளைஸ் லாஸ் (ஒட்டிய இடத்தில் இழக்கும் ஒளி). வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா.

"13ஆம் கோர்" என்று எண்ணை மட்டும் எழுதாதீர்கள். 24 கோர் கேபிளை ஒரு கம்பெனி ஆறு டியூபில் நாலு நாலாகத் தரும், இன்னொன்று நாலு டியூபில் ஆறு ஆறாக, வேறொன்று இரண்டு டியூபில் பன்னிரண்டாக. முதலாவதில் 13 என்பது நாலாம் டியூபின் நீலம், அடுத்ததில் மூன்றாம் டியூபின் நீலம், கடைசியில் இரண்டாம் டியூபின் நீலம். மூன்றிலும் கையில் வருவது நீலக் கோர்தான் என்பதால் தப்பு நடந்ததே தெரியாது. அறுந்த கேபிளை ஒட்ட வேறு கம்பெனி கேபிளை நடுவில் சேர்த்த இடங்களில் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

6. ஓடிடிஆரோடு ஒத்துப்பாருங்கள்

வரைந்தது சரியா என்று சொல்லும் ஒரே சாட்சி ஓடிடிஆர். கருவி இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது கருவியோடு வரும் டெக்னீஷியனை ஒரு நாள் அழையுங்கள். முதலில் அதில் ஒளிவிலகல் எண்ணைப் பாருங்கள், கருவி தூரத்தைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். சாதாரண ஒற்றைப் பயன்முறை ஃபைபருக்கு 1310 நானோமீட்டரில் சுமார் 1.4677, 1550இல் சுமார் 1.468. யாரோ முன்பு 1.46 என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் 20 கிலோமீட்டரில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். அந்த நூறு மீட்டரில் நீங்கள் வேறொருவர் வீட்டு வாசலைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

1310, 1550 இரண்டிலும் ஒவ்வொரு கோருக்கும் டிரேஸ் எடுங்கள். கிலோமீட்டருக்கு முறையே 0.35, 0.2 டெசிபெல் சுற்றி இருந்தால் கேபிள் நலம். ஒரு இடத்தில் 1550இல் மட்டும் இழப்பு அதிகமாகத் தெரிந்தால் அங்கே கேபிள் மடங்கி நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் லூப் பெட்டிக்குள்.

டிரேஸில் தெரியும் தூரத்தை அப்படியே வரைபடத்தில் அளந்தால் தவறான இடத்துக்குப் போவீர்கள். உறைக்குள் ஃபைபர் சுருண்டு போவதால் அது கேபிளைவிட நீளம், லூப்கள் வேறு. பக்கத்து இரண்டு ஜாயின்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏழாம் ஜாயின்ட் ஓடிடிஆரில் 9,120 மீட்டர், எட்டாவது 11,180. இடையில் 2,060. வரைபடத்தில் அதே இடைவெளி 1,960. அறுந்த இடம் 10,300 என்று காட்டினால் ஏழாம் ஜாயின்டிலிருந்து 1,180. அதை 2,060ஆல் வகுத்து 1,960ஆல் பெருக்கினால் சுமார் 1,123 மீட்டர். நடுவில் பெரிய லூப் இருந்தால் அதைத் தனியாகக் கழித்த பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் "லைன் இன்டர்போலேட் பாயின்ட்" என்ற கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் கோட்டின் மேல் புள்ளி வைத்துத் தரும். அந்தப் புள்ளியை மொபைலுக்கு அனுப்பினால் டீம் நேராக அங்கே போய் நிற்கும்.

7. இரண்டு பக்கமும் எங்கே தொட்டுக்கொள்கின்றன?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். இதுவரை செய்தது எல்லாம் இதற்கான தயாரிப்பு.

மெயின் நோடிலிருந்து கிளம்பும் இரண்டு கேபிள்களையும் இரண்டு நிறத்தில் வையுங்கள், ரிங்கில் தூரத்து நோடு வரை. ஒரு பக்கத்துக் கோட்டைச் சுற்றி "பஃபர்" கட்டளையால் 15 மீட்டர் பட்டை போடுங்கள். பிறகு "இன்டர்செக்ஷன்" கட்டளையால் மறுபக்கத்துக் கோடு அந்தப் பட்டைக்குள் எங்கெல்லாம் விழுகிறது என்று கேளுங்கள். வரும் விடைதான் உங்கள் ரிங்கின் பலவீனப் பட்டியல். ஜிபிஎஸ் பிழையைச் சேர்த்துத்தான் 15. ஐந்து மீட்டர் வைத்தால் ஒரே பள்ளத்தில் இருப்பதுகூடத் தப்பிவிடும். ஒரே சாலையின் இரு ஓரமும் இதில் மாட்டலாம், மாட்டட்டும். சாலை அகலப்படுத்தும்போது இரு ஓரத்தையும்தான் தோண்டுவார்கள்.

எங்களுக்கு வந்த பட்டியலில் நான்கு இடம். ஜேசிபி வெட்டிய 400 மீட்டர் ஒன்று. ஒரு சிறுபாலத்தில் இரண்டு கேபிளும் ஒரே இரும்புக் குழாயில். ஒரு கிராமத்தில் ஆறு மின்கம்பத்தில் சேர்ந்து. நான்காவது எங்கள் சொந்தக் கட்டடத்தின் நுழைவுக் குழி. கடைசியை "அது நம்ம வாசல்தானே" என்று தள்ளிவிட எல்லோருக்கும் தோன்றும். தள்ளாதீர்கள். வாசலில் நகராட்சி வாய்க்கால் வேலை வந்தால் ரிங் மொத்தமும் போகும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் பணம் இருக்காது. கம்பத்தில் இருப்பதை மாற்றுவது மலிவு, முதலில் அதைச் செய்யுங்கள். பாலத்துக்குப் புது அனுமதி வேண்டும், விண்ணப்பத்தை இன்றே போடுங்கள். மத்திய அரசின் கதிசக்தி சஞ்சார் தளத்தில் பாதை அனுமதிக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். நீங்கள் வரைந்த படம் அதற்கு நேரடியாக உதவும். மாற்ற முடியாத துண்டுகளைச் சிவப்பில் காட்டி, வாரம் ஒருமுறை யாராவது பார்த்துவிட்டு வர ஏற்பாடு செய்யுங்கள். 2023 மார்ச்சில் வந்த "கால் பிஃபோர் யூ டிக்" செயலியில் உங்கள் நிறுவனத்தையும் கேபிள் பாதையையும் பதிந்து வையுங்கள். தோண்டப் போகிறவர் அதில் தெரிவித்தால் உங்களுக்குத் தகவல் வரும். எல்லா ஜேசிபிக்காரரும் தெரிவிப்பார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம், ஆனால் பதியாமல் இருந்தால் தெரிவிப்பவரின் தகவலும் வராது.

8. திரையில் ஓடும் படம்

ஸ்விட்ச்களில் எஸ்என்எம்பியும் (ஸ்விட்ச் தன் நிலையைக் கண்காணிப்பு மென்பொருளுக்குச் சொல்லும் முறை) எல்எல்டிபியும் (பக்கத்து ஸ்விட்சுக்குத் தன்னை அறிவிக்கும் முறை) இயக்கி வைத்தால், லிப்ரிஎன்எம்எஸ் பக்கத்து ஸ்விட்ச்களைத் தானே கண்டுபிடிக்கும். ஜாபிக்ஸில் படத்தை நீங்களே வரைந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் எந்த நிலையில் எந்த நிறம் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் வேலை, ஆனால் படம் நம் ஊர் வரிசைப்படி இருக்கும். நான் ஜாபிக்ஸ் பக்கம்.

ஜி.8032 என்ற ரிங் பாதுகாப்பு முறையில் உங்கள் ரிங் ஓடுகிறது என்றால், சாதாரண நேரத்தில் ஒரு இணைப்பு வேண்டுமென்றே அடைத்து வைக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் டிராஃபிக் வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் புள்ளிக்கோடாக வரைந்து "அடைப்பு" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் இரவு ஷிப்ட்டுக்கு வரும் புதியவர் டிராஃபிக் பூஜ்யம் என்று பயந்து அதைத் திறக்கப் பார்ப்பார். அறுந்த கேபிளை ஒட்டிய பிறகும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடம் காத்திருக்கும். அதையும் அங்கேயே குறித்து வையுங்கள்.

பெரிய பொறி வேறு. ரிங் நன்றாக வேலை செய்தால் ஒரு பக்கம் அறுந்ததே தெரியாது. 50 மில்லிசெகண்டுக்குள் மாறிவிடும், ஒரு வாடிக்கையாளரும் கூப்பிடமாட்டார். "நோடு டவுன்" என்பதற்கு மட்டும் அலாரம் வைத்திருந்தால் எல்லாம் பச்சையாகவே இருக்கும். இரண்டாவது கட் விழும்போதுதான் முதல் கட் பத்து நாளாக இருப்பது தெரியவரும். அதனால் ரிங் போர்ட் நிலை மாறினாலே எஸ்எம்எஸ் வரும்படி வையுங்கள். எஸ்எஃப்பி பெறும் ஒளி அளவையும் பதிவு செய்து, வழக்கத்தைவிட 2 டெசிபெல் இறங்கினால் எச்சரிக்கை கேளுங்கள். இரு முனையிலும் பாருங்கள். அனுப்ப ஒன்று, பெற ஒன்று என்று போகும் இரண்டு கோரில் ஒன்று மட்டும் கெட்டால் ஒரு முனை சரியாகவே காட்டும்.

9. செலவும் நாட்களும்

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் ஆகவில்லை. ஜாபிக்ஸுக்குச் சும்மா கிடந்த ஒரு பழைய கணினியைப் பயன்படுத்தினோம். செலவு ஆனது பெட்ரோல், இரண்டு ஆள் கூலி, ஓடிடிஆர் வாடகை, ஜாயின்ட் பெட்டிகளைத் திறந்து மூடப் புது சீல் ஆகியவற்றுக்குத்தான். உங்கள் ஊர் விலையில் கணக்குப் போட இந்த நாட்களை வைத்துக்கொள்ளுங்கள்: காகிதம் திரட்ட நாலு நாள், ரோட்டில் ஏழு நாள், வரைய மூன்று நாள், கோர் அட்டவணைக்கு ஐந்து நாள், ஓடிடிஆருக்கு இரண்டு இரவு, ஜாபிக்ஸுக்கு இரண்டு நாள். இது 60 கிலோமீட்டருக்கு. ஜாயின்ட் திறக்கும் வேலையை அடைப்பு இருக்கும் பக்கத்தில் முதலில் செய்தால் டிராஃபிக் பாதிக்காது. பிறகு அடைப்பை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அதைச் செய்யலாம். நள்ளிரவுக்கு மேல், வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு.

10. கட் ஆன அன்றே திருத்துங்கள்

ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் ஒன்றோ இரண்டோ புது ஜாயின்ட் சேரும், கொஞ்சம் கேபிள் கூடும். டெக்னீஷியன் வண்டி ஏறும் முன் கியூஃபீல்டில் புள்ளி, போட்டோ, மீட்டர் எண் மூன்றையும் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று வைத்தோம். முதலில் முணுமுணுத்தார்கள். அடுத்த கட்டுக்கு நேராக அதே இடத்தில் போய் நின்ற பிறகு அவர்களே கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். ஜியோபேக்கேஜ் கோப்பைத் தினமும் தேதி போட்டு வேறொரு இடத்தில் நகல் எடுங்கள். ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து வண்டியிலும் ஒன்று வையுங்கள். கட் ஆகும் நேரத்தில் மொபைல் டவரும் அதே ஃபைபரில் இருந்திருக்கலாம், அப்போது கையில் தாள்தான் இருக்கும்.